மூன்றாம் பாரத்துப் பாவா

ராஜ்ஜியம் ஆண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஒரு வகுப்பறையை, அதுவும் கூரையில் பாதி ஓடு காற்றில் போய்விட்ட ஒரு மூன்றாம் பாரத்தை, இப்போதைய எட்டாம் வகுப்பை, எங்கள் பாவா ஆண்ட மாதிரி எந்த ராஜாவும் எதையும் ஆண்டதில்லை. ராஜாக்களுக்குப் படை உண்டு, மந்திரி உண்டு, யானை உண்டு. பாவாவிடம் இருந்தது ஒரு மீசை மட்டும்தான்.

மீசை என்றதும் ஏதோ அரும்பு மீசை என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கெண்ணெய் தடவி, இரண்டு பக்கமும் முறுக்கி, எலுமிச்சம்பழம் நிறுத்தலாம் போல இருக்கும். எங்கள் கணக்கு வாத்தியாருக்கே அப்படி ஒன்று கிடையாது. வருகைப் பதிவின்போது பாவா எழுந்து நின்று "பிரசென்ட் சார்" என்றால், யாருக்கு யார் ஆஜர் கொடுக்கிறார்கள் என்று புதிதாக வந்தவன் குழம்பிப் போவான்.

இன்ஸ்பெக்டர் ஒருவர் குழம்பியே போனார். அப்போது எங்கள் ஊர் திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. சித்தூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அவர் வந்து இறங்கிய நேரத்தில், கணக்கு வாத்தியார் பொடி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பாவா எங்கள் மானிட்டர். கரும்பலகை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும். இன்ஸ்பெக்டர் சொக்கிப் போய்விட்டார்.

"இந்த வகுப்புல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"இது நாலாவது வருஷமுங்க."

"பிள்ளைங்க நல்லா அடங்கி இருக்காங்க. நீங்க மேல் வகுப்புக்குப் போக முயற்சி பண்ணலியா?"

"வருஷா வருஷம் பண்றேனுங்க. விட மாட்டேன்றாங்க."

இன்ஸ்பெக்டர் நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், இப்படி ஒரு திறமைசாலியை இத்தனை வருஷம் ஒரே வகுப்பில் அமுக்கி வைப்பது அநியாயம் என்று ஒரு பாட்டம் சாடிவிட்டுத்தான் போனார்.

பாவா என்பது அவர் பேர் இல்லை. அவருடைய பேர் வருகைப் பதிவில் இருந்தது, வேறெங்கும் இல்லை. கதை இதுதான். எங்கள் வகுப்பில் சீனு என்று ஒருவன் படித்தான். அவனுடைய அக்கா மங்காவைத்தான் இவர் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு, மீதி வீட்டில் இரண்டும். தெலுங்கில் அக்கா புருஷனைப் பாவா என்பார்கள். சீனு கூப்பிட்டான், இரண்டு நாளில் வகுப்பே கூப்பிட்டது, ஒரு மாதத்தில் வாத்தியார்களுக்கும் அதுவே வாயில் வந்தது. "பாவா, இந்தச் சாக்பீஸை எடுத்து வை" என்று ஹெட்மாஸ்டரே ஒரு முறை சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இதில் வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். பாவா அதற்கு ஒரு சாஸ்திரமே கண்டுபிடித்தார். நீ என்னைப் பாவா என்று கூப்பிடுகிறாய், ஆகையால் நீ எனக்கு மச்சான். நீ மச்சான் என்றால் உன் அப்பா எனக்கு மாமா. இந்தக் கணக்கு ஒன்றில்தான் அவர் நூற்றுக்கு நூறு. கடைத்தெருவில் எங்கள் அப்பாமார்களைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "வணக்கம் மாமா" என்பார். மலைக்கோயில் மடப்பள்ளிச் சமையல்காரர், மிளகாய் மண்டிக்காரர், அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரும் லாரி மெக்கானிக் பாய் எல்லோருமே அவருக்கு மாமாதான். இத்தனை மாமாக்கள் இருந்தும், அசல் மாமனார் ஒருவர்தான் அவரை மாப்பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மாமனார் கடைத்தெருவில் பெரிய மளிகைக்காரர், பள்ளிக்கூடக் கமிட்டியிலும் ஒருவர். மாப்பிள்ளை படித்தவராக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தாலி கட்டி முடித்த கையோடு, மூன்றாம் பாரம் பாஸ் பண்ணினால்தான் பெண் வாசல் தாண்டுவாள் என்று சொல்லிவிட்டார். மங்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பாவா நாலு வருஷமாக மூன்றாம் பாரத்தில் இருந்தார். நடுவில் பின்னமும் விகிதமும் அட்சரகணிதமும் மலை போல நின்றன. போதாததற்கு, வகுப்பில் பாவா வாங்கும் மார்க்கெல்லாம் அன்று சாயங்காலமே சீனு வழியாக மாமனார் காதுக்குப் போய்விடும்.

எங்கள் வகுப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருத்தணிக்கு வந்து ஊரைச் சுற்றிப் பார்க்க நேரம் இல்லாதவர்கள், மூன்றாம் பாரத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். முதல் பெஞ்சில் மலைக்கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளைகளும் மடப்பள்ளிப் பிள்ளைகளும். இரண்டாவதில் கடைத்தெரு. அதற்குப் பின்னால் நகரி பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வரும் தெலுங்குக் குடியானவர் பிள்ளைகள். அதற்கும் பின்னால் மெக்கானிக் பாயின் மகன் காதர். கடைசியில், கதவோரம், தரையில் ஒரு பலகை. அதில் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்துச் சேரியிலிருந்து வரும் ஏழுமலை. இப்படி உட்காரு என்று யாரும் சொன்னதில்லை. சேர்ந்த முதல் நாள், அவனவன் தெரு ஊரில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்துக்கு அவனவன் கால் தானாகப் போய்விட்டது. பள்ளிக்கூடம் எங்களுக்குப் பூகோளம் கற்றுக்கொடுக்கும் முன்பே நாங்கள் பூகோளத்தில் பாஸ்.

ஏழுமலையை அழுமூஞ்சி என்று நினைக்காதீர்கள். எங்கள் வகுப்பிலேயே பெரிய வம்புக்காரன் அவன்தான். கணக்கு வாத்தியார் பொடி போட்டுத் தும்முவதை, அந்த முதல் இழுப்பிலிருந்து கடைசியில் "முருகா" என்பது வரைக்கும் அப்படியே செய்வான். ஒரு நாள் கதவோரத்திலிருந்து அவன் தும்ம, வாத்தியார் தன் மூக்கைத்தானே சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வராந்தாவில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. பாவாவின் மாமனார் உபயம். தமிழில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம், அவர் பேர் வெட்டியிருக்கும். நாங்கள் மற்ற எல்லோரும் பக்கத்தில் இருக்கும் செம்பால் மொண்டு குடிப்போம். காதர் வீட்டிலிருந்து ஒரு தம்ளர் கொண்டுவருவான், அதில் ஊற்றுவார்கள். ஏழுமலை வராந்தாவுக்குக் கீழே மண்ணில் நின்று இரண்டு கையையும் குவிக்க வேண்டும். மேலேயிருந்து மானிட்டர் ஊற்றுவார். மற்றவன் ஊற்றினால் வீட்டில் தீட்டு, தலைமுழுக்கு என்று ரகளை ஆகும். மீசையிடம் அப்படிக் கேட்க ஆள் கிடையாது, ஆகவே அது பாவாவின் வேலை. பாவாவும் வழக்கம் என்றால் வழக்கம் என்று, அதைப் பற்றி யோசிக்காமல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

யோசிக்க வேண்டிய நாள் ஆடி மாதம் வந்தது. அன்று மாமனார், கடையில் மூட்டை இறக்க ஆள் இல்லை என்று பாவாவைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். எங்களுக்கு வெயிலில் டிரில். இடைவேளை மணி அடித்தது. ஏழுமலை வராந்தாவுக்குக் கீழே வந்து கையைக் குவித்துக்கொண்டு நின்றான். ஊற்ற வேண்டியவர் மிளகாய் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். மணி மறுபடி அடித்தது. ஏழுமலை குவித்த கையைப் பிரித்து, சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மத்தியான வகுப்பில் பொத்தென்று ஒரு சத்தம். வழக்கம் போல ஏதோ நடித்துக் காட்டுகிறான் என்று சிலர் சிரிக்கக்கூடச் செய்தோம். அவன் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அவனுடைய அப்பா அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மலைக்குப் பின்னால் கல் உடைக்கிறவர். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்று, பையன் பேரை அடித்துவிடச் சொன்னார். கோபமே இல்லை. கல்லு உடைக்கிற இடத்தில் பானையில் தண்ணி இருக்கிறது, வேண்டும்போது மொண்டு குடிக்கலாம் என்றார். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்கு எல்லாம் உண்டான மாதிரி அவருக்கும் கமிட்டியிடம் பயம். சட்டம் உன் பக்கம்தான், ஊர் இருக்கிறதே என்று இழுத்தார். கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று சட்டம் வந்திருந்த வருஷம் அது. சட்டம் மலைப் படிகள் அத்தனையும் ஏறிவிட்டது. எங்கள் வராந்தாப் படி நாலைத்தான் அதனால் ஏற முடியவில்லை.

அப்போது பாவா முன்னால் வந்தார். முகம் இருண்டிருந்தது. மீசையை முறுக்காமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"மாமா," என்றார்.

ஏழுமலையின் அப்பா திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை.

"என்னையா சாமி?"

"ஆங், உங்களத்தான். உங்க புள்ள என்ன பாவான்னுதான கூப்புட்றான்? அப்போ நீங்க எனக்கு மாமா. கிருத்திகை வரைக்கும் வுட்டு வைங்க. கிருத்திகைக்கு மறுநாளு நீங்களே வந்து நின்னு பாருங்க. இவன் அந்த அண்டாவுல தன் கையால மொண்டு குடிக்கலன்னா, கூட்டிகினு போங்க. நானும் கூடவே கல்லு ஒடைக்க வர்றேன்."

அவர் பாவாவை மேலும் கீழும் பார்த்தார். "நீ சம்மட்டியத் தூக்கினா கல்லு சிரிக்கும்பா," என்றார். ஆனாலும் பையனை விட்டுவிட்டுப் போனார்.

பாவா அன்று சாயங்காலமே மாமனாரிடம் போனார். அங்கே கிடைத்த பதிலைச் சீனு மறுநாள் வகுப்புக்கே நடித்துக் காட்டினான்: அண்டா என்னுடையது, அட்சரகணிதம் உன்னுடையது, அவரவர் வேலையை அவரவர் பார்ப்போம் மாப்பிள்ளை. இனி இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால், நீ பாஸே பண்ணினாலும் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னாராம். பாவா கடை வாசலிலேயே ஒரு நாழிகை உட்கார்ந்திருந்தாராம்.

உட்கார்ந்த இடத்தில்தான் முருகன் கண்ணைத் திறந்துவிட்டான். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் எப்படி மாறும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காவடிக்கு வேண்டிக்கொண்டவர்கள் துளசி மாலை போட்டுக்கொண்டு மஞ்சள் வேட்டி கட்டுவார்கள். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் அந்த ஆளுக்குப் பேர் கிடையாது, வீதி கிடையாது; சாமி, அவ்வளவுதான். அப்பாவும் மகனைச் சாமி என்பார். சாமி தாகம் என்று கேட்டு இல்லை என்று சொன்னால், சொன்னவர் விரதம் அங்கேயே உடைந்தது. பாவா கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது மாமனார் கழுத்தில் புது மாலை. மூட்டை தூக்குகிற ஆளும் மாலை போட்டிருந்தான். "அந்த மூட்டைய இப்பிடி எறக்கு சாமி," என்று மாமனார் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வேண்டுதல் ஊருக்கே தெரியும்: மாப்பிள்ளை இந்த வருஷமாவது மூன்றாம் பாரம் தாண்ட வேண்டும்.

மறுநாள் பாவா வகுப்பில் எழுந்து நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னார். மாலை போட்ட சாமியைப் பிரம்பால் அடிக்கக் கூடாது.

அவ்வளவுதான். அடுத்த நாள் விடியற்காலையில் சரவணப் பொய்கையில் மூன்றாம் பாரம் மொத்தமும் முழுகி எழுந்தது. எங்கள் ஊர் வரலாற்றில் அத்தனை பக்தி ஒரே நாளில் பெருகியது இல்லை. மாலை போட்டுவிடும் கோயில் பண்டாரம் ஒவ்வொருவனுக்கும் போட்டுக்கொண்டே வந்து, ஏழுமலை முன்னால் வந்ததும் கை நின்றது. பாவா பக்கத்தில் நின்று மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். சட்டமா மீசையா, எதற்கு மரியாதை கொடுத்தாரோ, பண்டாரம் மாலையைப் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் நடந்த அழகை என்னவென்று சொல்வேன். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, எல்லாம் ஒரே அச்சு. பாவா சாமிகளுக்குள் மேல் பெஞ்சு கீழ் பெஞ்சு கிடையாது என்று சொல்லி, வந்த வரிசைப்படி உட்கார வைத்தார். ஏழுமலை குருக்கள் வீட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கணக்கு வாத்தியாருக்குக் கிட்டப் பார்வை. உட்காரும் இடத்தை வைத்துத்தான் எங்களை அடையாளம் கண்டுபிடிப்பார். இப்போது எங்கே பார்த்தாலும் மஞ்சள். பிரம்பை அலமாரியில் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"சாமி, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ சாமி."

"மறந்துடிச்சி சாமி."

"பரவாயில்லை, உட்காருங்கோ சாமி."

காதர் ஒருவன்தான் மாலை போடவில்லை. வகுப்பு முழுதுக்கும் சேர வேண்டிய குட்டு அத்தனையும் அவன் தலையில் இறங்க ஆரம்பித்தது. இரண்டாம் நாளே பாவாவிடம் வந்து, நீங்க எல்லாம் சாமி, நான் மட்டும் ஆசாமியா என்று நியாயம் கேட்டான். பாவா கொஞ்சமும் யோசிக்கவில்லை. நேரே வாத்தியாரிடம் போய், இவன் எல்லாச் சாமிகளுக்கும் மச்சான், சாமியின் மச்சானை அடித்தால் சாமியை அடித்த மாதிரி என்று சொல்லிவிட்டார். வாத்தியார் அதையும் ஒப்புக்கொண்டு ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்தார்.

மாலை போட்ட முதல் நாள் இடைவேளையில் ஏழுமலை பழக்கப்படி வராந்தாவுக்குக் கீழே போய் நின்றான். பாவா மேலே கூப்பிட்டார். சாமி மண்ணில் நிற்கக் கூடாது என்றார். ஏழுமலை நாலு படியையும் ஏறி வந்து, அண்டாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டான். அதற்கு மேல் கால் வரவில்லை. இதற்குள் சீனு, சாமி ஓடக் கூடாது என்பதையும் மறந்து, மஞ்சள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டான்.

மாமனார் வந்த வேகத்தில் வெளிக்கதவு சுவரில் மோதித் திரும்பியது. ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். கணக்கு வாத்தியார் ஒரு தூணுக்குப் பின்னால் போனார். மாமனார் வராந்தாவில் ஏறி, "எவன்டா…" என்று ஆரம்பித்து, கழுத்து மாலை கையில் தட்டுப்பட, அப்படியே விழுங்கினார். "எந்தச் சாமி என் அண்டாவத் தொட்டது?"

"இன்னும் தொடலீங்க சாமி," என்றார் பாவா. "தாகத்தோட நின்னுகினு கீது சாமி. நீங்க குடுப்பீங்கன்னுதான் நிக்குது."

மாமனார் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை தரையைப் பார்த்தான். அவர் கை மாலையை விடவில்லை. வருஷா வருஷம் மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, போகிற வருகிற சாமிகளின் காலில் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிடுகிறவர் அவர். அங்கே யார் எந்தத் தெரு என்று அவர் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது.

பாவா பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார். எனக்கு மட்டும்தான் கேட்டது. "எனக்காகத்தான மாமா இந்த விரதம். கேட்ட சாமிக்கு இல்லன்னுட்டு மலை ஏறுவீங்களா?"

மாமனார் செம்பை எடுத்தார். அண்டாவில் முக்கினார். நீட்டினார். ஏழுமலை தன்னையறியாமல் குனிந்து இரண்டு கையையும் குவித்தான்.

"கைய எறக்கு சாமி," என்றார் பாவா. "செம்ப வாங்கு."

ஏழுமலை செம்பைக் கையில் வாங்கினான். அவன் குடித்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மாமனார் வெறும் செம்பைத் திருப்பி வாங்கி, அண்டா பக்கத்தில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

எங்களுக்குக் கொண்டாட்டம். பாவாவுக்கு இல்லை. ஹெட்மாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மாலை இறங்கின மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அதைத் தாங்கிக்கொள்ள அந்தப் பையனைத் தயார் பண்ணி வை என்று சொல்லியிருந்தார். பாவா கிருத்திகை வரைக்கும் சரியாகச் சாப்பிடவில்லை. விரதம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கிருத்திகை வந்தது. மலை முழுக்கப் பூக்காவடி. மூன்றாம் பாரம் தொண்டை கிழிய அரோகரா போட்டுக்கொண்டு ஏறியது. ஏழுமலையின் அப்பா, மலைப் படிக்கட்டுக்குக் கல் சுமந்திருந்த தன் தோளில், முதல் முறையாகக் காவடி சுமந்துகொண்டு அதே படியில் ஏறினார். மேலே மாலையை இறக்கினோம். சாமிகள் எல்லாம் பையன்களாகிக் கீழே வந்து சேர்ந்தோம்.

மறுநாள் இடைவேளை மணி அடித்தபோது, வெளிக்கதவுக்குப் பக்கத்தில் ஏழுமலையின் அப்பா துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாவா வராந்தாவில் தூண் மாதிரி நின்றார். மாலை இல்லை, மஞ்சள் இல்லை. ஏழுமலை பழைய காக்கிச் சட்டையில் படியேறி வந்தான். யாரும் வழி விடவில்லை. யாரும் மறிக்கவும் இல்லை. செம்பை எடுத்தான். அது அண்டாவின் விளிம்பில் டங்கென்று பட்டது.

அந்தச் சத்தத்துக்குக் கணக்கு வாத்தியார் வெளியே வந்துவிட்டார். கையில் பிரம்பு. அலமாரியிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்த பிரம்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேரே ஏழுமலையிடம் வந்தார். ஏழுமலை செம்பும் கையுமாக உறைந்துபோய் நின்றான். வாத்தியார் அவனைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"குடிங்கோ சாமி," என்றார். "மெதுவாக் குடிங்கோ, பொரை ஏறப் போறது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இத்தனை நாள் சொல்லிச் சொல்லி நாக்கு அந்த வழியில் பழகிவிட்டது. சொன்ன சொல்லை அழித்துவிட அது என்ன சிலேட்டில் எழுதியதா? பொடி டப்பாவைத் தேடிக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஏழுமலை மொண்டான், குடித்தான். இன்னொரு தரமும் மொண்டான். தாகத்துக்கு இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அடுத்து குருக்கள் வீட்டுப் பையன் அதே செம்பை வாங்கி மொண்டான். அதற்கடுத்துக் காதர், வீட்டுத் தம்ளரை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றான்.

பாவா வெளிக்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏழுமலையின் அப்பா துண்டால் முகத்தை ஒத்திக்கொண்டிருந்தார்.

"கல்லு ஒடைக்க வரலியா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, பையனைக் கூப்பிடாமல் தன் வழியே போனார்.

அதற்குப் பிறகு மாமனார் அண்டாவைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று ஊரே எதிர்பார்த்தது. எப்படி எடுப்பார்? அண்டா தீட்டு என்றால், சாமிக்குக் கொடுத்த தண்ணீர் தீட்டு. தண்ணீர் தீட்டு என்றால் அவர் சுமந்துபோன காவடியும் அல்லவா தீட்டாகிவிடும். மனுஷர் ராத்திரி பகலாக யோசித்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், சாமிகள் வாய் வைத்த அண்டா நம்முடையது, ஜில்லாவிலேயே வேறு பள்ளிக்கூடத்தில் உண்டா என்று பெருமையடிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் அதற்கு ஒரு மூடியும் செய்து கொடுத்தார். மூடியிலும் பேர் வெட்டியிருந்தது. வகுப்பிலும் பழைய பூகோளம் திரும்பி வரவில்லை. அந்தக் கதவோரத்துப் பலகையைப் பாவா வெயில் படும் ஜன்னலுக்கு அடைப்பாக வைத்துவிட்டார்.

முருகன் தண்ணீர் விஷயத்தைப் பார்த்துக்கொண்டான். கணக்கு விஷயத்தைப் பார்க்க அவனுக்கு நேரம் இல்லை போலிருக்கிறது. பரீட்சை முடிவு வந்தபோது ஏழுமலை பாஸ், காதர் பாஸ், சீனுகூட பாஸ். பாவா வழக்கம் போல.

மாமனார் கடையில் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் உள்ளேயிருந்து மங்கா தகரப் பெட்டியோடு வந்தாளாம். எங்கே என்று அப்பா கேட்டதற்கு அவள் சொன்னதைச் சீனு எங்களிடம் அப்படியே சொன்னான்.

"உன்னையே தண்ணி ஊத்த வெச்ச ஆளு, நைனா. அதுக்கு மேல இன்னா பாஸ் பண்ணணும்?"

இரண்டு தெருவையும் அவள் பட்டப்பகலில், தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். பாவா அப்போது வாசலில் உட்கார்ந்து மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாராம். ஒரு பக்கம்தான் தடவியிருந்தாராம். அவளைப் பார்த்ததும் மறு பக்கத்தை மறந்தே போய்விட்டார். அன்று முழுக்க ஊர் ஒற்றை முறுக்கோடு அவரைப் பார்த்தது.

குடும்பம் என்று ஆனதும் வேலை வேண்டும் அல்லவா. கனகம்மாசத்திரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் ஆகிவிட்டார். அந்த பஸ்ஸில் முன் சீட்டு இன்னாருக்கு, பின் சீட்டு இன்னாருக்கு என்பது கிடையாது. யார் முதலில் ஏறினார்களோ அவர்கள் முன்னால். யாராவது பெரிய மனுஷர் முணுமுணுத்தால், "கூட ஒக்காந்துகினு இருக்கிறது யாருன்னு நெனச்சீங்க மாமா, என் மச்சானுங்க," என்பாராம். அவரோடு வாதாடி ஜெயித்த மாமா இன்னும் பிறக்கவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் மணி அடித்ததும், பாஸ் ஆன நாங்கள் எல்லோரும் போய்ப் பழைய மூன்றாம் பாரத்து வாசலிலேயே நின்றோம். ஏழுமலை எனக்கு முன்னால் நின்றான். உள்ளே புதுப் பிள்ளைகள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில், பாவா நிற்கும் இடத்தில், யாரும் இல்லை. ஹெட்மாஸ்டர் வந்து, பாஸ் ஆனவர்கள் எல்லாம் அடுத்த அறைக்குப் போங்கடா, நாலாம் பாரம் அங்கே இருக்கிறது என்றார்.

ஒருவனும் நகரவில்லை.